செம்பு திரும்பும் வழி: புனே நகரத்துப் பழைய ஒயரின் வரலாறு

மராத்தியில் தண்ணீர் முகக்கும் சிறு கலத்திற்குத் 'தாம்ப்யா' என்று பெயர். 'தாம்பே' என்றால் செம்பு. தமிழிலும் அந்தக் கலத்தின் பெயர் செம்புதான்; பேச்சில் அது சொம்பாகிவிட்டது. மொழிக்குடும்பத்தால் வேறுபட்ட இவ்விரு மொழிகளும் உலோகத்தின் பெயரையே பாத்திரத்திற்கு இட்டிருப்பதில் ஒரு பொருளியல் செய்தி இருக்கிறது. சாதாரணக் குடும்பத்தின் கைக்கு அந்த உலோகம் எந்த வடிவில் வந்து சேர்ந்தது என்பதை இப்பெயர்கள் காட்டுகின்றன. கடந்த நூறாண்டில் செம்பு அடுக்களையை விட்டு நகர்ந்து சுவருக்குள் புகுந்து மின்கம்பியாகிவிட்டது. அந்தக் கம்பிக்கு எந்த மொழியும் செம்பின் பெயரை இடவில்லை. மராத்தியில் அது 'தார்'; தமிழில் கம்பி, ஒயர். 'தார்' என்னும் சொல்லே மராத்தியில் தந்திச் செய்தியையும் குறித்தது. தமிழில் 'தந்தி' செய்த வேலையும் அதுவே. பாத்திரமாக இருந்த செம்பு பழசானால் எப்படித் திரும்பியது, கம்பியான செம்பு இன்று எப்படித் திரும்புகிறது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே நகரத்தில் வைத்துக் கேட்க முடியுமானால், அதற்குப் புனே பொருத்தமான ஊர்.

புனே நகரின் மிகப் பழைய பகுதியான கசபா பேட்டையில் 'தாம்பட் ஆளி' என்றொரு தெரு உண்டு. ஆளி என்றால் சந்து; தாம்பட் என்றால் செம்புக் கொல்லர், நம் பக்கத்துக் கன்னாருக்கு நிகரானவர். சமஸ்கிருதத்தின் 'தாம்ரகுட்ட', அதாவது செம்பை அடிப்பவர், என்ற சொல்லின் தேய்ந்த வடிவமே தாம்பட். கொங்கணக் கரையிலிருந்து வந்து மராத்திய ஆட்சிக்காலத்தில் இங்கு குடியமர்த்தப்பட்டவர்கள் தாங்கள் என்பதும், பாத்திரங்களோடு நாணயமும் படைக்கலமும் செய்தவர்கள் என்பதும் அச்சமூகத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. தகட்டைச் சிறு சுத்தியலால் வரிசை வரிசையாக அடித்துக் குழிகள் பதித்து, அதன் வழியே கலத்திற்கு உறுதி தரும் 'மாட்டார் காம்' என்ற வேலை இவர்களின் அடையாளம். வெந்நீர் காய்ச்சும் 'பம்ப்' என்னும் உயரமான கலம் ஒரு காலத்தில் புனே வீடுகளின் கட்டாயப் பொருள். இடைவிடாமல் டுக், டுக் என்று கூவும் செம்மார்புக் குக்குறுவானுக்கும் மராத்தியில் தாம்பட் என்றே பெயர். ஆங்கிலேயரும் அதைச் செம்புக் கொல்லன் என்றே அழைத்தார்கள். ஒரு தொழிலின் ஓசை ஊர்க்காதில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1885இல் வெளிவந்த பம்பாய் மாகாணக் கெசட்டியரின் புனே தொகுதி, நகரின் கைத்தொழில்களுள் செம்பு, பித்தளை வேலைக்குத் தனி முதன்மை தருகிறது. அக்காலத்தில் தகடுகள் பம்பாய்த் துறைமுகம் வழியாக இறக்குமதியாகி வந்தன. ஆயினும் கொல்லனுக்கு இரண்டாவதாக ஒரு சுரங்கம் இருந்தது: ஊராரின் வீடுகள். நசுங்கிய குடமும் ஓட்டையான அண்டாவும் எடைக்கு எடை கணக்கிடப்பட்டு, கூலி மட்டும் பெற்றுக்கொண்டு புதுக் கலமாகத் திரும்பின. இப்படி உடைத்துக் கொடுக்கப்படும் பழைய உலோகத்திற்கு மராத்தியில் 'மோட்' என்று பெயர். 'மோடீத் காட்ணே', அதாவது மோட்டில் போடுவது, என்ற தொடர் இன்று சட்டத்தையும் திட்டத்தையும் பற்றிப் பேசும் செய்தித்தாள் நடையில், காலாவதியாக்குதல் என்ற பொருளில் வழங்குகிறது. தமிழில் இந்த இடத்தைப் பேரீச்சம்பழம் பிடித்துக்கொண்டது. பழைய ஈயம், பித்தளை, இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த தெருவணிகரின் கூவல் மறைந்துவிட்டது. ஆனால் உதவாத வண்டியைப் பார்த்து 'பேரீச்சம்பழத்துக்குப் போடு' என்று சொல்லும் வழக்கம் மறையவில்லை. காயலான் கடை என்ற சொல்லில் காயல்பட்டினத்து வணிகர்களின் நினைவு தங்கியிருப்பதாகப் பரவலாகக் கருதப்படுகிறது. மராத்தியர் அதே கடையைப் 'பங்கார்' கடை என்பார்கள். பங்கம், உடைதல் என்ற வேரை அதில் கேட்கலாம். உடைந்த பொருளுக்குப் பெயரிட்ட மொழிகள் அதை ஒருபோதும் குப்பை என்று சொல்லவில்லை என்பது கவனத்திற்குரியது.

பாத்திரச் செம்பு எளிதில் திரும்பியதற்குக் காரணம், அது ஒரே பொருளால் ஆனது. உள்ளே பூசிய ஈயமும் பற்றவைத்த இடங்களும்தான் கலப்பு. உலையில் 1085 பாகை செல்சியசில் உருகும் செம்பு அந்தக் கலப்பைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். குடத்திற்கு அது தடையில்லை. மின்சாரத்திற்கு அது பெருந்தடை. மிகச் சிறிதளவு மாசும் கடத்துதிறனைக் குறைத்துவிடும் என்பதால், கம்பிக்குரிய செம்பு மின்பகுப்பால் தூய்மையாக்கப்பட்டது. மும்பை உலோகச் சந்தையின் அன்றாட விலைப்பட்டியலில் 'பாத்திரப் பழசு', 'கேபிள் பழசு' என்று இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வருவது வழக்கம்; கேபிளின் விலையே பொதுவாக உயர்ந்திருக்கும். செம்பின் இரண்டு வரலாறுகள் அப்பட்டியலில் அக்கம்பக்கமாக அச்சாகின்றன.

ஆனால் கம்பிக்குத் தோல் உண்டு. தொடக்ககால வீட்டுக் கம்பியில் அது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரும் அதன்மேல் பின்னிய பருத்தி நூலும். ரப்பரிலுள்ள கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால், கம்பிக்கு வெள்ளீயம் பூசினார்கள். 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், விறைப்பான பாலிவினைல் குளோரைடைக் குழைவாக்கும் முறையைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிவிசி என்று நாம் சுருக்கி அழைக்கும் அப்பொருள் கம்பியின் தோலாக நிலைபெற்றது. தீப்பற்றினால் தானாக அணையும், ஈரத்திற்கு அஞ்சாது, எந்த நிறத்திலும் வார்க்கலாம், மலிவும்கூட. தமிழ்ப் பாடநூல்கள் இத்தோலைக் காப்பு என்கின்றன. மனிதரை மின்சாரத்திடமிருந்து காப்பது என்ற அளவில் அந்தச் சொல் சரியானது. கம்பி பழசானபின் நடப்பதை அச்சொல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

புனே இந்தக் கதையில் நுகர்வோனாக மட்டும் இருந்ததில்லை. 1958இல் சாப்ரியா சகோதரர்கள் இங்கு தொடங்கிய ஃபினோலெக்ஸ், முதலில் வாகனங்களுக்கான பிவிசி உறைக் கம்பிகளைச் செய்தது. அடுத்த பத்தாண்டுகளில் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, போசரி வட்டாரத்தில் லாரி, ஸ்கூட்டர் ஆலைகளும் அவற்றுக்கு உறுப்புகள் செய்யும் பட்டறைகளும் பெருகின. ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பல நிறக் கம்பிகளைக் கட்டிய ஒரு கற்றை ஓடுகிறது. அதே நகரத்தில் 1950இல் திறக்கப்பட்ட தேசிய வேதியியல் ஆய்வகம் பலபடிச் சேர்மங்களின் ஆய்வில் பெயர்பெற்றது. ஃபினோலெக்ஸ் குழுமம் பின்னர் பிவிசிப் பிசினையே தயாரிக்கும் ஆலையை இரத்தினகிரியில் அமைத்தது. தாம்பட்கள் எந்தக் கொங்கணத்திலிருந்து வந்தார்களோ, கம்பியின் தோலுக்கான மூலப்பொருளும் அதே கொங்கணத்தில் பிறக்கத் தொடங்கியது தற்செயலே. ஆயினும் உலோகத்தை மட்டும் வைத்து இந்நகரத்தின் தொழில் வரலாற்றை எழுத முடியாது என்பதை அது நினைவூட்டுகிறது.

இனி ஒரு சிறு கணக்கு. வீட்டு விளக்குக்கு இழுக்கும் 1 சதுர மில்லிமீட்டர் கம்பியை எடுத்துக்கொண்டால், ஒரு மீட்டரில் ஏறத்தாழ 9 கிராம் செம்பு. அதைச் சுற்றி 6 அல்லது 7 கிராம் பிவிசி. எடையில் செம்பு முந்துகிறது. செம்பின் அடர்த்தி பிவிசியின் அடர்த்தியைப்போல் ஆறு மடங்குக்கும் மேல் என்பதால், பருமனில் தோலே நான்கைந்து மடங்கு. ஒரு கிலோ செம்பு வேண்டுமானால் இக்கம்பியை 110 மீட்டர் நீளத்திற்கு உரிக்க வேண்டும். கட்டடத்திற்கு மின்சாரம் கொண்டுவரும் 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அதே ஒரு கிலோவுக்கு நாலரை மீட்டர் போதும். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள தொலைபேசிக் கம்பியில் 570 மீட்டர் வேண்டும். தடித்த கேபிளைக் கத்தியால் நீளவாக்கில் கீறி, வாழைத்தண்டை உரிப்பதுபோல் ஒரே இழுப்பில் உரிக்கலாம். தொலைபேசிக் கம்பியை உரித்து ஒரு கிலோ சேர்ப்பதற்குள் அந்த நாளின் கூலி போய்விடும். தீயைக் கையில் எடுக்கவைப்பது இந்தக் கணக்கே. கம்பி எரிப்பவர்களை அறியாமையின் பெயரால் விளக்கும் எழுத்துகள் பல உண்டு. 570 மீட்டர் என்ற எண்ணை எதிரில் வைத்தால் அந்த விளக்கம் நிற்காது.

தீ செய்வது என்ன? தூய பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். எரியும்போது அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளியேறி, ஈரம் பட்ட இடத்தில் அமிலமாகிறது: கண்ணில், தொண்டையில், நுரையீரலில். குறைந்த வெப்பத்தில், போதிய காற்றில்லாமல் புகைந்து எரியும்போது டையாக்சின்கள் உருவாகின்றன. அவ்வினைக்கு வினையூக்கி வேறெதுவும் வேண்டாம், செம்பே வினையூக்கி. எடுக்க விரும்பும் பொருளே நஞ்சை விளைவிக்கத் துணைபோவது இத்தொழிலின் கொடிய வேதியியல். 2001இல் ஏற்கப்பட்டு, 2006இல் இந்தியா உறுதிசெய்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இத்தகைய நஞ்சுகள் தற்செயலாக உருவாகும் இடங்களின் பட்டியலில் 'செம்புக் கேபிள்களைப் புகைய எரித்தல்' என்பதைத் தனி இனமாகவே குறித்திருக்கிறது. பழைய கம்பித் தோல்களில் பிவிசி சிதையாதிருக்க ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டிருந்தன. அந்த ஈயம் சாம்பலில் தங்குகிறது, சாம்பல் மண்ணில் தங்குகிறது.

எரித்தவருக்கு முழு விலையும் கிடைப்பதில்லை. பழைய உலோக வணிகத்தின் அனைத்துலகத் தரக்குறிகள் அமெரிக்க வணிகர் சங்கங்கள் வகுத்தவை. தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த காலத்தில், நீண்ட விவரணையை ஒரு சொல்லில் அடக்குவதற்காகப் பிறந்த குறிகள் இவை. தோலற்ற, மினுமினுக்கும், கலப்பற்ற செம்புக் கம்பிக்கு 'பார்லி'. அடுத்த தரத்திற்கு 'பெர்ரி'. அதற்கும் கீழே 'பர்ச்'. தோலோடு கூடிய கம்பிக்கு 'ட்ரூயிட்'. செல்டிக் பூசாரிக்கும் உறையிட்ட கம்பிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. குறிக்கும் பொருளுக்கும் குறிக்கும் ஒலிக்கும் இயல்பான உறவு கிடையாது என்ற மொழியியலின் பாலபாடத்திற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. செம்புக் கம்பி வழியே ஓடிய தந்திக்காகப் பிறந்த சொல், செம்புக் கம்பியின் கழிவுக்கே பெயராயிற்று. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. ட்ரூயிட் நிற்கவில்லை: 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில், மறுசுழற்சிக்குரிய கழிவுகளின் அட்டவணையில் அச்சொல் இன்றும் இருக்கிறது, கூடவே ஜெல்லி நிரப்பிய தொலைபேசிக் கேபிளும்.

அந்தத் தரக்குறிகளின் விவரணையில் இரண்டு நிபந்தனைகள் புனேயின் பழைய பொருள் கடை வரை நீள்கின்றன. பார்லி, பெர்ரி ஆகிய இரண்டிலும் கம்பி 16 கேஜுக்கு, அதாவது ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டருக்கு, மெலிந்திருக்கக் கூடாது. எரிந்து முறியும் தன்மையடைந்த கம்பி பெர்ரியில் மட்டுமல்ல, பர்ச்சிலும் சேராது. ஆக, மெல்லிய கம்பி உரிக்கவும் தகாது, உயர்ந்த தரத்தில் ஏறவும் தகாது. எரித்தால் கருத்து, ஆக்சைடாகி, எடையும் சிறிது இழந்து, விலையில் இன்னும் கீழே இறங்குகிறது. கடைக்காரர் கம்பியைக் கையில் எடுத்து ஒருமுறை வளைத்துப் பார்ப்பதில் இந்த நூற்றாண்டுக்கால வகைப்பாடு முழுவதும் அடங்கியிருக்கிறது. கம்பி 'சட்' என்று முறிந்தால் விலை குறையும்.

கடைக்குக் கொண்டுவருபவர் யார் என்பதற்குப் புனேயில் எழுதப்பட்ட வரலாறு இருப்பது ஒரு நற்பேறு. 1972இன் பெரும் வறட்சி மகாராஷ்டிரத்தின் உள்மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை இந்நகருக்கு விரட்டியது. நிலமற்ற தலித் குடும்பங்களின் பெண்கள் பலர் குப்பைத் தொட்டிகளில் காகிதமும் தகரமும் பொறுக்கி வாழ்ந்தார்கள். 1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையினர் எழுத்தறிவுப் பணிக்காக அவர்களிடம் சென்றபோது, எழுத்தைவிட முதலில் தேவைப்பட்டது தொழிலுக்கு அங்கீகாரம் என்பது தெரிந்தது. பூர்ணிமா சிக்கர்மனே, லக்ஷ்மி நாராயண் ஆகியோரின் முயற்சியாலும், சுமைதூக்குவோர் சங்கத்தை வழிநடத்திய பாபா ஆடவின் தலைமையாலும் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' உருவாயிற்று. பத்தாண்டு முடிவதற்குள் அச்சங்கத்தின் அடையாள அட்டைகளுக்கு மாநகராட்சி ஒப்புதல் அளித்தது. நாட்டில் வேறெந்த நகராட்சியும் அதற்குமுன் செய்யாத காரியம் அது. 2008இல் வீடுதோறும் குப்பை சேகரிக்கும் பணியை இவர்களின் 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு மாநகராட்சி ஒப்பந்தத்தின் வழியே மேற்கொண்டது.

சங்கத்தின் பெயரைச் சொல் சொல்லாகப் பிரித்தால் காகிதம், கண்ணாடி, தகரம், உழைப்பாளர், மன்றம். 1993இல் பிளாஸ்டிக் இல்லாமலில்லை. பொறுக்கியவற்றில் அதுவும் இருந்தது. ஆனால் தொழிலுக்குப் பெயர் கொடுத்தவை பழைய மூன்று பொருள்களே. குப்பையில் கிடைக்கும் கம்பித்துண்டு இம்மூன்றிலும் அடங்காது. அது அரிதாகக் கிடைப்பது. காகிதத்தைவிடப் பன்மடங்கு விலை பெறுவது. கிடைத்தவுடன் தனியே முடிந்து வைக்கப்படுவது. அதன் உலோகத்துக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு, அதுவும் துண்டு துண்டாக உரித்த பல நிறத் தோலுக்கு, சிறு அளவில் விற்பவரிடம் விலையில்லை. இந்திய நகரங்களில் வேலிகளின் மறைவிலும் ஆற்றோரங்களிலும் எரியும் சிறு குவியல்களுக்குப் பின்னால் இருப்பது இந்த விலையின்மையே. புனே அதற்கு விலக்கல்ல.

தோலைக் காப்பாற்றும் தொழில்நுட்பம் புதிதன்று. கம்பியை அரிசிமணி அளவுக்கு நறுக்கி, அதிரும் சாய்மேசையில் கீழிருந்து காற்றைச் செலுத்தினால், கனத்த செம்பு மேட்டுப் பக்கம் ஏறும். இலேசான பிளாஸ்டிக் தாழ்வாக வழியும். நெல்லைப் புடைக்கும் முறத்தின் தத்துவம்தான். பிளாஸ்டிக்கிலும் இரண்டு வகை: பாலித்தீன் நீரில் மிதக்கும், பிவிசி மூழ்கும், ஒரு தொட்டித் தண்ணீர் அவற்றைப் பிரித்துவிடும். இப்படிப் பிரிந்த மென்பிவிசி செருப்படி, மிதியடி, தோட்டக் குழாய் என்று அடுத்த பிறவி எடுக்கிறது. பழைய ஈயமும் அதனோடு பயணம் போவதால், அதை எதில் கலக்கலாம், எதில் கலக்கக் கூடாது என்பது தனிச் சிக்கல். நறுக்கும் இயந்திரம் மெல்லிய கம்பியையும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு வேண்டியது மூலதனம், மூன்று முனை மின்சாரம், நாள்தோறும் டன் கணக்கில் சரக்கு. கையால் உரிப்பவரிடம் இம்மூன்றும் இல்லை. கானாவின் அக்ரா நகரில், உலகம் அறிந்த அக்போக்ப்ளோஷி கிடங்கில், 2014 வாக்கில் தொண்டு நிறுவனங்கள் உரிக்கும் இயந்திரங்களை வைத்துப் பார்த்தன. தடித்த கேபிள்களுக்கு அவை உதவின. மெல்லிய கம்பிகள் தொடர்ந்து நெருப்புக்கே போயின. 110 மீட்டர், 570 மீட்டர் என்ற கணக்கு அங்கும் அதுவே.

இந்தியாவில் செம்பின் தேவையும் இதற்கிடையில் இறுகியது. தூத்துக்குடியில் ஆண்டுக்கு 4 இலட்சம் டன் திறனுள்ள உருக்காலை, 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபின் மூடப்பட்டது. தூய செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு அதன்பின் நிகர இறக்குமதி நாடாயிற்று. உருக்காலையின் புகைக்கு எதிராகத் தமிழகத்து மக்கள் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். சுரங்கச் செம்புக்கு மாற்றாகப் பேசப்படும் பழைய செம்பின் புகை யாருடைய தெருவில் எழுகிறது என்ற கேள்வி அந்த அளவுக்குக் கேட்கப்படவில்லை. அந்தப் புகைக்கு ஒற்றை முகவரி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

சட்டம் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. மின்னணுக் கழிவுக்கான முதல் தனி விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பிரித்தெடுப்பவர், மறுசுழற்சியாளர் என இரண்டு பதிவுபெற்ற இனங்கள் இருந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள 2022ஆம் ஆண்டு விதிகளில் உற்பத்தியாளர், புதுப்பிப்போர், மறுசுழற்சியாளர் உண்டு. பிரித்தெடுப்பவர் என்ற இனம் பதிவுப் பட்டியலிலிருந்து போய்விட்டது. பொருளைத் தயாரித்து விற்ற நிறுவனம், தன் கடமையை நிறைவேற்றியதற்கு அடையாளமாக மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அச்சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறது? தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களுக்கு. கம்பியில் பருமனால் நான்கைந்து மடங்கு பெரியதான பிளாஸ்டிக்கைக் காப்பாற்றியவருக்கு இக்கணக்கில் ஒரு கிராமும் ஏறாது. எரித்து எடுத்த செம்புக்கும் குளிர்ந்த நிலையில் நறுக்கி எடுத்த செம்புக்கும் உலையில் இறங்கியபின் வேற்றுமை தெரியாது. பாத்திரக் காலத்து மோட் கணக்கு எடையை மட்டும் பார்த்தது. அன்று அது போதுமானதாக இருந்தது, பாத்திரத்திற்குத் தோலில்லாததால். அதே கணக்கைக் கம்பிக்கும் போட்டதே இவ்விதிகளின் அடிப்படைப் பிழை.

புனேயில் பழைய பொருளின் நிலவியலும் இக்காலத்தில் நகர்ந்தது. மங்கள்வார் பேட்டையில் புதன், ஞாயிறுகளில் கூடும் ஜூனா பஜார் இன்னும் பழைய நகரத்திற்குள் இருக்கிறது. அங்கே மோட்டாரும் சுவிட்சும் கம்பிச் சுருளும் மறுபயன்பாட்டுக்கே விலைபோகின்றன. பெருஞ்சரக்கு நெடுநாளாகவே பிம்ப்ரி சிஞ்ச்வட் மாநகராட்சியின் வட எல்லையில், இந்திராயணி ஆற்றை ஒட்டிய சிகலி, குதள்வாடி பகுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆலைகளின் கழிவு மரம், பிளாஸ்டிக், உலோகம், கம்பி என்று தகரக் கொட்டகைகளில் அடுக்கடுக்காகக் குவிந்த இடம் அது. அடிக்கடித் தீப்பற்றியது, 2024 டிசம்பரில் நேர்ந்த தீ பல கிடங்குகளை எரித்தது. 2025 பிப்ரவரியில் மாநகராட்சி, அனுமதியற்ற கட்டுமானங்கள் என்று கூறி, சில நாட்களுக்குள் 4000க்கும் மேற்பட்ட கொட்டகைகளையும் கட்டடங்களையும் இடித்துத் தள்ளியது. ஆற்று மாசு, தீ, காற்று என்று சொல்லப்பட்ட காரணங்கள் பொய்யானவை அல்ல. அக்ராவிலும் 2021 ஜூலையில் அக்போக்ப்ளோஷி இவ்வாறே இடிக்கப்பட்டது. தொழில் அழியவில்லை, சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குச் சிதறியது. முன்பு ஓரிடத்தில் அளக்க முடிந்த புகை, பிறகு பல இடங்களில் அளக்க முடியாததாயிற்று.

குதள்வாடி போன்ற இடங்களில் நடந்தது வெறும் குவிப்பு என்று எண்ணுவது தவறு. எந்தக் கம்பி தடித்தது, எது வெள்ளீயம் பூசியது, எது செம்பு முலாமிட்ட அலுமினியம் என்று கீறிப் பார்த்தும் காந்தம் வைத்தும் கையில் தூக்கிப் பார்த்தும் வகைபிரிக்கும் அறிவு அங்கு ஒரு தலைமுறையாகச் சேர்ந்திருந்தது. தாம்பட் ஆளியின் அறிவுக்கு இன்று மரபுரிமை என்ற மதிப்பு வந்திருக்கிறது. அதன் கலங்கள் கண்காட்சிகளில் வைக்கப்படுகின்றன. ஒரு தெருவின் சுத்தியலோசைக்குப் பறவையின் பெயர்வரை இடம் கொடுத்த நகரம், ஒயர் உரிப்பவருக்கு ஒரு தொழிற்பெயரைக்கூட வழங்கவில்லை. மராத்தியில் அவர் பங்கார்வாலா. தமிழில் காயலான் கடைக்காரர். விதிகளின் மொழியில் 'முறைசாராத் துறை'.

மறுசுழற்சியாளராகப் பதிவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். கொட்டகையும் இயந்திரமும் வேண்டும். வாங்கியதையும் விற்றதையும் மத்திய வாரியத்தின் இணைய வாயிலில் பதிந்து வர வேண்டும். 110 மீட்டர் கம்பியை உரித்து ஒரு கிலோ சேர்த்தவர் அந்த வாயிலில் நுழைவதில்லை. அவர் சேர்த்த செம்பு கடைக்காரரிடமும், அவரிடமிருந்து பெருவணிகரிடமும் போய், பதிவுபெற்ற ஆலையின் வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் தோல் நீங்கியே வருகிறது. அங்கே அதன் எடை முழுதாகக் கணக்கில் ஏறுகிறது. தோல் எங்கே நீங்கியது, கத்தியாலா தீயாலா என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.